தட்டும் ஊசியும்: வாசகர் கேள்வி பதில்

பசடேனாவிலிருந்து வந்த முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளையும் அதை ஒட்டியே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஒரு எஸ்டேட் சேலில் பெட்டியோடு பழைய இசைத்தட்டுகள் வாங்கினோம். அதில் ஒரு தட்டு மட்டும் கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் இருக்கிறது. ஒரு பக்கம் பெயின்ட்டில் அச்சடித்த படமும் எழுத்தும். ‘யெஸ் எல்.ஏ.’ என்று பெயர். ‘பிரையன் ஈனோ தயாரித்ததல்ல’ என்றும் ஒரு வரி. படம் உள்ள பக்கத்தில் ஊசியை வைத்தால் கரகரவென்று சத்தம் மட்டும் வருகிறது. இது சும்மா அலங்காரப் பொருளா? பாட்டு ஏதும் இருக்கிறதா?
வாசகி, பசடேனா

பதில்: முதல் வேலையாக அந்தப் பக்கத்தில் ஊசி வைப்பதை நிறுத்துங்கள். அங்கே ஒலி பதிந்த பள்ளமே கிடையாது. வழவழப்பான வினைல் பிளாஸ்டிக் மேல் அச்சு மை மட்டும்தான் இருக்கிறது. ஊசி அதில் வழுக்கிக்கொண்டு ஓடும்; மையும் சுரண்டப்படும், ஊசி முனையும் கெடும். தட்டைத் திருப்பிப் போடுங்கள். மறுபக்கத்தில் ஆறு பாட்டுகள் இருக்கின்றன, ஆறும் ஆறு குழுக்களுடையவை.

உங்கள் கையில் இருப்பது 1979-ல் லாஸ் ஏஞ்சலஸில் டேஞ்சர்ஹவுஸ் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்ட தொகுப்புத் தட்டு. அது அசல் பதிப்புதானா என்பதைப் பிறகு பார்ப்போம். தட்டு என்ன சொல்கிறது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1978-ல், நியூயார்க்கில் ‘நோ நியூயார்க்’ என்றொரு தொகுப்பு வந்தது. அந்த ஊரின் நான்கு குழுக்கள், ஆளுக்கு நான்கு பாட்டு. தயாரிப்பாளர் பிரையன் ஈனோ. ராக்ஸி மியூசிக் குழுவில் இருந்தவர், டேவிட் போவியோடு வேலை செய்தவர், இங்கிலாந்துக்காரர். வெளியிட்ட ஆன்டிலிஸ், ஐலண்ட் என்ற பெரிய நிறுவனத்தின் கிளை. பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. அதே சமயத்தில் லாஸ் ஏஞ்சலஸிலும் ஒரு கூட்டம் இரவு பகலாகப் பாடிக்கொண்டிருந்தது. அவர்களைத் தேடி எந்தப் பெயர் பெற்ற தயாரிப்பாளரும் விமானம் ஏறி வரவில்லை. அந்தக் கோபத்துக்கும் கேலிக்கும் பிறந்த பதில்தான் உங்கள் தட்டு. அவர்கள் ‘நோ’ என்றால் நாங்கள் ‘யெஸ்’. அவர்களுக்கு ஈனோ என்றால் எங்களுக்கு ஈனோ இல்லை. அந்த ஒரு வரியைத் தட்டின் மேலேயே அச்சடித்தார்கள்.

கேலியோடு நின்றிருந்தால் இன்றைக்கு நானோ நீங்களோ இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். பாட்டுகளைப் பாருங்கள். பேக்ஸ் குழுவின் ‘வி டோன்ட் நீட் தி இங்கிலீஷ்’: பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசை என்றாலே லண்டன்தான் என்ற நினைப்புக்கு நேர்முகமான மறுப்பு. ஆலி கேட்ஸின் ‘டூ மச் ஜங்க்’. பிளாக் ராண்டியும் மெட்ரோஸ்க்வாடும் சேர்ந்து ‘டவுன் அட் த லாண்ட்ரிமேட்’. எக்ஸ் குழுவின் ‘லாஸ் ஏஞ்சலஸ்’. ஜெர்ம்ஸின் ‘நோ காட்’. இவர்களோடு ஐஸ் (கண்கள் என்று பொருள்) என்ற குழுவும் உண்டு.

இந்தக் குழுக்களுக்கெல்லாம் ஹாலிவுட் புலவார்டை ஒட்டிய ஒரு நிலவறை தாய்வீடாக இருந்தது. மாஸ்க் என்று பெயர். பிரெண்டன் மல்லன் என்பவர் 1977-ல் திறந்தார், ஒரு தியேட்டரின் அடியில். சில மாதங்களிலேயே அதிகாரிகள் வந்து மூடிவிட்டார்கள். பிறகு கிடைத்த இடத்திலெல்லாம் கச்சேரி நடந்தது. 1979 மார்ச் 17 அன்று மக்கார்தர் பார்க் அருகே எல்க்ஸ் லாட்ஜில் நடந்த நிகழ்ச்சிக்குள் போலீஸ் தடியோடு புகுந்தது. அன்றைய பட்டியலில் எக்ஸும் ஆலி கேட்ஸும் இருந்தார்கள். உங்கள் தட்டு வெளிவந்த அதே வருஷம்.

டேஞ்சர்ஹவுஸ் 1977-ல் தொடங்கியது. நடத்தியவர்களே பாடகர்கள், வாத்தியக்காரர்கள். பிளாக் ராண்டி அவர்களில் ஒருவர். பெரும்பாலும் சிங்கிள்கள்தான், அதாவது ஓரிரு பாட்டு மட்டும் உள்ள ஏழு அங்குலச் சின்னத் தட்டுகள்தான் போட்டார்கள். பிளாக் ராண்டி குழுவின் ஆல்பம் ஒன்றைத் தவிர முழு நீள ஆல்பமே போடவில்லை. 1980 வாக்கில் கடையைக் கட்டிவிட்டார்கள். அவ்வளவு குறுகிய ஆயுளில் அவர்கள் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அந்த ஊரின் முதல் தலைமுறையில் பாதிப் பேரின் குரல் நமக்குக் கேட்டிருக்காது. உதாரணத்துக்கு பேக்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இருந்த காலம் முழுவதிலும் அவர்கள் பெயரில் ஓர் ஆல்பம்கூட வரவில்லை. டேஞ்சர்ஹவுஸில் 1978-ல் ஒரு சிங்கிள், அதன் பிறகு இந்தத் தட்டில் ஒரு பாட்டு. மேடையில் அவர்கள் எவ்வளவு பெரிய சக்தியாக இருந்தார்கள் என்று பார்த்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டேஞ்சர்ஹவுஸ் வழியாக நமக்குக் கிடைத்தது சில நிமிஷ ஒலிதான். தொகுப்புத் தட்டுகளை நான் இவ்வளவு நேசிப்பதற்குக் காரணம் இதுதான். பெரிய குழுக்களின் ஆல்பங்கள் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். ஒரு பாட்டோடு நின்றுவிட்டவர்களை யார் காப்பாற்றுவது?

போட்டுக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாட்டுப் பக்கம் மேலே இருக்க, மை அடித்த பக்கம் கீழே போகும். தட்டில் நிறமில்லாததால் பள்ளங்களுக்கு அடியில் அந்தப் படம் தெரியும், எழுத்தெல்லாம் இடம் வலமாகப் புரண்டு. அந்தப் புரண்ட எழுத்துகள் சுற்றச் சுற்ற ஊசி அதன் மேலே நடக்கும். என் பிரதியில் இதைப் பார்ப்பதற்காகவே விளக்கைத் தாழ்த்தி வைத்துக் கேட்பேன். அந்த விளக்கு இன்னொன்றுக்கும் உதவும்: நிறமில்லாத வினைலில் பாட்டுக்குப் பாட்டு உள்ள இடைவெளி சட்டென்று கண்ணுக்குப் பிடிபடாது. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும்.

கேள்வி: திரை அச்சு உள்ள தட்டை எப்படிச் சுத்தம் செய்வது? என்னிடம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த திரவம் இருக்கிறது. தொட்டியில் நிறுத்திச் சுற்றும் கருவியும் இருக்கிறது.
வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: இரண்டுமே வேண்டாம். திரை அச்சு, அதாவது ஸ்கிரீன் பிரிண்டிங், வலைத்திரை வழியே மையைத் தள்ளி அடிப்பது. அந்த மை வினைலுக்குள் ஊறுவதில்லை, மேலே படிந்து நிற்கிறது. ஆல்கஹால் பட்டால் இளகும். துணியில் நிறம் ஏறிய பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. தொட்டிக் கருவி இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் நனைத்துத் தேய்க்கும். மற்றத் தட்டுகளுக்கு நல்ல கருவிதான். இதற்கு ஆகாது.

பாட்டுப் பக்கத்தை மட்டும் செய்யுங்கள். வடித்த நீர், அதில் வாசனையும் நிறமும் இல்லாத சோப்புத் திரவம் ஒரு சொட்டு. மென்மையான பிரஷ்ஷை நனைத்துப் பிழிந்துவிட்டு, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாக ஓட்டுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் வடித்த நீரால் இன்னொரு முறை. நீர் விளிம்பைத் தாண்டி அடிப்பக்கம் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் குறைவான ஈரமே போதும். அச்சுப் பக்கத்துக்கு உலர்ந்த மெல்லிய தூரிகை, அதுவும் தூசு இருந்தால் மட்டும்.

வைக்கும் உறையிலும் கவனம் தேவை. பழைய தடித்த பிவிசி உறைகளில் இருக்கும் இளக்கிப் பொருள் காலப்போக்கில் கசிந்து வினைலைப் புகைபடிந்ததுபோல ஆக்கும், மையோடும் ஒட்டிக்கொள்ளும். பாலிஎதிலீன் உள்ளுறை வாங்கிக்கொள்ளுங்கள். நிமிர்த்தி வையுங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். டர்ன்டேபிள் சுற்றிக்கொண்டிருக்கும்போது தட்டைக் கையால் பிடித்து நிறுத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. இந்தத் தட்டில் அப்படிச் செய்தால் கீழே உள்ள மை விரிப்போடு உரசி, வட்ட வட்டமாகக் கோடு விழும். சுற்று முழுதாக நின்ற பிறகு, விளிம்பில் இரண்டு கையும் வைத்து நேராகத் தூக்குங்கள்.

கேள்வி: ‘யெஸ் எல்.ஏ.’ ஒன்று விலைக்கு வருகிறது. அசலா என்று எப்படி அறிவது? எவ்வளவு கொடுக்கலாம்?
வாசகர், சன்னிவேல்

பதில்: இதற்கு மறுபதிப்பு உண்டு. டேஞ்சர்ஹவுஸின் பழைய பதிவுகளைப் பின்னாளில் கலிஃபோர்னியாவின் ஃப்ரான்டியர் நிறுவனம் எடுத்து வெளியிட்டது. அதில் திருட்டு ஏதும் இல்லை, முறையான வெளியீடு. ஆனால் மறுபதிப்பை அசல் விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு நடு ஓட்டைவரை வரும் வெற்று வளையத்தில் கையால் கீறிய எழுத்தோ எண்ணோ இருக்கும். அந்த இடத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கிறது, கீறல் எழுத்தும் பதிந்திருக்கும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

அச்சை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. திரை அச்சு ஒவ்வொன்றாக அடிக்கும் வேலை. மையின் அடர்த்தி, நிறம் உட்காரும் இடம் பிரதிக்குப் பிரதி மாறும். ஒரு பிரதியில் கோடு லேசாக விலகியிருப்பதால் மட்டும் அது போலி ஆகிவிடாது.

விலைக்கு, கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள், கைமாறிய தொகையைப் பாருங்கள். டிஸ்காக்ஸ் பக்கத்தில் இதுவரை விற்றதில் குறைந்தது, நடுவானது, அதிகமானது மூன்றும் இருக்கும். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். நிலையைப் பற்றி அமெரிக்க வியாபாரிகள் கோல்ட்மைன் பத்திரிகையின் தர அளவையே பேசுவார்கள். கிட்டத்தட்டப் புதிது என்பது ‘நியர் மின்ட்’. அதில் பாதி விலை ‘வெரி குட் பிளஸ்’, கால் பங்கு ‘வெரி குட்’ என்பது அந்த அளவையின் பொதுக் கணக்கு. இந்தத் தட்டுக்கு இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகத் தரம் கேளுங்கள். பாட்டுப் பக்கம் மாசில்லாமல் இருந்து மை உதிர்ந்திருந்தால் விலை விழும். எனக்கு என்றால் அப்படிப்பட்ட பிரதியே போதும், சந்தோஷமாக வாங்குவேன். மறுபக்கம் படம் பளபளத்து, பாட்டுப் பக்கம் கீறல் விழுந்ததை யார் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

தபாலில் வருவதானால், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து, அச்சுப் பக்கத்தில் எந்த ஒட்டு நாடாவும் படாமல் கட்டச் சொல்லுங்கள். இசைத்தட்டை அமெரிக்கத் தபால் துறையின் மீடியா மெயிலில் மலிவாக அனுப்பலாம் என்றாலும், இதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வேகமான தபாலில் பெறுவதே நல்லது.

கேள்வி: படம் அழகாக இருக்கிறதே, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா?
வாசகி, இர்வைன்

பதில்: வெயில் மையை வெளிறச் செய்யும், சூடு வினைலை வளைக்கும். மறுபதிப்பை மாட்டுங்கள்.

கேள்வி: என்னிடம் ‘நோ நியூயார்க்’ முதல் பதிப்பு இருக்கிறது. வாங்கும்போதே உறையின் ஓரத்தை யாரோ பிளேடால் நீளமாக அறுத்துத் திறந்திருந்தார்கள். ஒட்டி வைக்கலாமா? மதிப்பு போய்விட்டதா?
வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: ஒட்டாதீர்கள்! அறுத்தவர் காரணத்தோடுதான் அறுத்திருக்கிறார். அந்த ஆன்டிலிஸ் பதிப்பில் பாட்டு வரிகளை உறையின் உட்புறத்தில் அச்சடித்தார்கள். தனித்தாள் கிடையாது. உறையைக் கிழித்துப் பிரித்தால்தான் வரிகளைப் படிக்க முடியும். வாங்கியவன் முன்னால் இரண்டே வழிதான் இருந்தது: உறை முழுசாக இருக்க வேண்டுமா, பாட்டு என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டுமா? உங்கள் பிரதியை முதலில் வைத்திருந்தவர் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

சந்தையில் அறுக்காத உறைக்கு மதிப்பு அதிகம் என்பது உண்மை. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் விற்கும் எண்ணம் இல்லையென்றால், உங்களிடம் இருப்பதுதான் முழுமையான பிரதி. பசை போட்டு ஒட்டினால் உள்ளே இருக்கும் எழுத்தும் கெடும், நேர்த்தியான வெட்டும் அசிங்கமாகும். அப்படியே ஒரு வெளியுறைக்குள் போட்டு வையுங்கள்.

அந்தத் தொகுப்பு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1978 மே மாதம் நியூயார்க்கின் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பேஸ் என்ற கலைக்கூடத்தில் சில நாள் கச்சேரி நடந்தது. ஈனோ போய்க் கேட்டார். அங்கே வாசித்தவர்களில் கன்டார்ஷன்ஸ், டீனேஜ் ஜீசஸ் அண்ட் த ஜெர்க்ஸ், மார்ஸ், டிஎன்ஏ என்ற நான்கு குழுக்கள் மட்டும் தட்டில் வந்தன. மற்றவர்கள் விடுபட்டார்கள். விடுபட்டவர்களின் மனக்குறை அந்த ஊரில் நெடுநாள் பேசப்பட்டது. தொகுப்பு என்றாலே அதில் இந்த வலி உண்டு, யாரோ ஒருவர் கதவருகே நின்று ஆள் எண்ணுகிறார். டேஞ்சர்ஹவுஸ்காரர்களும் ஊரிலிருந்த எல்லாரையும் சேர்க்கவில்லை. அவர்களே அந்தக் கூட்டத்துக்குள் இருந்தவர்கள் என்பதால் அந்தத் தேர்வில் எனக்கு நம்பிக்கை கூடுதல்.

டிஎன்ஏ குழுவின் பாட்டுகளில் டிரம்ஸைத் தனியாகக் கேளுங்கள். வாசித்தவர் இகுவே மோரி, டோக்கியோவிலிருந்து வந்தவர், டிரம்ஸுக்கே அப்போது புதியவர். பழகிய கை எங்கே அடிக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ அங்கே அவர் அடிக்க மாட்டார்.

கேள்வி: பதினாறு வயது மகன் அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலஸ் பங்க் பாட்டுகளிலேயே மூழ்கிக் கிடக்கிறான். டிரம்ஸும் கற்கிறான். ‘லாஸ் ஏஞ்சலஸ்’ என்ற பாட்டில் இனத்தை இழிவுபடுத்தும் சொல் காதில் விழுந்து பதறிப்போனேன். இதையெல்லாம் கேட்க விடலாமா?
ஒரு தாய், சான் டியேகோ

பதில்: நீங்கள் காதில் வாங்கியது சரிதான், அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் பாட்டு யாரைப் பற்றியது என்று பாருங்கள். ஊரின் மேல் வெறுப்பு முற்றி, ஊரை விட்டே கிளம்புகிற ஒரு பெண்ணைப் பற்றியது. அவள் யார் யாரையெல்லாம் வெறுக்கத் தொடங்கினாள் என்று பாட்டு வரிசையாகச் சொல்கிறது. வெறுப்பு ஒரு மனுஷியை எப்படி அரித்துத் தின்கிறது என்று எட்ட நின்று காட்டும் பாட்டு அது. வெறுக்கச் சொல்லிக் கொடுக்கும் பாட்டு இல்லை. ஆனாலும் அந்தச் சொல் சுடும், அதைச் சும்மா தாண்டிப் போகவும் கூடாது. மகனோடு உட்கார்ந்து ஒரு முறை கேளுங்கள், யார் பேசுவது என்று அவனிடமே கேளுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

போதைப்பொருள் அந்தக் கூட்டத்தில் நிறையப் புழங்கியது, பாட்டுகளிலும் வருகிறது. ஜெர்ம்ஸ் பாடகர் டார்பி கிராஷ் 1980 டிசம்பரில், 22 வயதில், ஹெராயினால் இறந்தார். அவன் அதை எப்படியும் எங்கேயாவது படிப்பான். நீங்களே முந்திக்கொண்டு பேசிவிடுங்கள், வீரக்கதையாக அவன் காதில் விழுவதற்கு முன்னால்.

அவனிடம் சொல்ல நல்ல கதைகளும் அதே தட்டில் இருக்கின்றன. பேக்ஸ் குழுவின் ஆலிஸ் பேக், மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோரின் மகள். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில், ஸ்பானிஷ் பேசும் வீட்டில் வளர்ந்தவர். பின்னாளில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தார், 2011-ல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஆலி கேட்ஸில் பேஸ் கிட்டார் வாசித்துப் பாடியவர் டயான் சாய் என்ற ஆசிய அமெரிக்கப் பெண். ஜெர்ம்ஸின் கிட்டார்காரர் பாட் ஸ்மியர் பிற்பாடு நிர்வானாவோடு மேடை ஏறினார், ஃபூ ஃபைட்டர்ஸிலும் சேர்ந்தார். இந்தப் பெயர் உங்கள் மகனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

டிரம்ஸ் கற்கிறான் என்றால், எக்ஸ் குழுவின் டி.ஜே. போன்பிரேக்கைக் கேட்கச் சொல்லுங்கள். முதலில் ஐஸ் குழுவில் இருந்து, அங்கிருந்து எக்ஸுக்கு வந்தவர். ‘லாஸ் ஏஞ்சலஸ்’ பாட்டுக்கு இரண்டு பதிவுகள் உண்டு. ஒன்று இந்தத் தட்டில் 1979-ல் வந்தது. மற்றது, டோர்ஸ் குழுவின் ரே மன்சரெக் தயாரித்து 1980-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் உள்ளது. பழைய பதிவு அந்த ஆல்பத்தின் 2001 சிடி மறுபதிப்பில் உபரிப் பாட்டாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், விலை உயர்ந்த தட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, அதே ஆள் அதே பாட்டில் எங்கெல்லாம் கையை மாற்றியிருக்கிறார் என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.